குத்துவது இரண்டே விநாடி, கூத்தெல்லாம் பின்னறையில்!

சென்னையில் ஒரு பியர்சிங் ஸ்டுடியோ. முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி, சோபா, விளக்கு வெளிச்சத்தில் மினுக்கும் குட்டிக் குட்டி வளையங்கள், மூக்குத்திகள். வருகிறவர்கள் பார்ப்பது இவ்வளவுதான். என் கண்ணோ மூலையில் இருந்த அந்தக் கதவின் மேலேயே இருந்தது. ‘ஊழியர்கள் மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருந்தால் சும்மா இருக்க முடியுமா? கேட்டேவிட்டேன். “தாராளமா வாங்க. ஆனா எதையும் தொடக் கூடாது, சரியா?” என்றார் அங்கே குத்துகிற பெண். வயது முப்பதுக்குள் இருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, காது மடல் நெடுக வளையங்கள். வருகிற எல்லோருக்கும் அவர் அக்காதான். இந்தக் கட்டுரையிலும் அவர் அக்காவாகவே இருக்கட்டும்.

கதவு திறந்தது. அடேயப்பா, உள்ளே ஒரு குட்டி ஆபரேஷன் தியேட்டர்!

தரையின் நடுவே சிவப்பு டேப் ஓடுகிறது. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பயன்படுத்திய இடுக்கி, குழாய், தட்டு எல்லாம் அழுக்குப் பக்கம் வந்து இறங்கி, கழுவி, உலர்ந்து, உறைக்குள் புகுந்து, ஆவியில் வெந்து, சுத்தப் பக்கமாக வெளியேறும். ஒருவழிப் பாதை. ஞாபகப் பிசகாக ஒரு இடுக்கி எதிர்த்திசையில் கோட்டைத் தாண்டிவிட்டால், அது மறுபடியும் முதல் கட்டத்திலிருந்து வர வேண்டும்.

“முதல்ல கழுவணும். அதை விட்டுட்டு எவ்வளவு சூடு காட்டினாலும் பிரயோஜனமில்ல. ரத்தம் காய்ஞ்சு ஒட்டியிருந்தா ஆவி அதுக்கு அடியில போகாதுங்க” என்று சொல்லிக்கொண்டே ஒரு சின்னத் தொட்டியைக் காட்டினார். அல்ட்ராசோனிக் கிளீனர். நம் காதுக்கு எட்டாத ஒலி அலைகள் அதற்குள் இருக்கிற நீரில் எண்ணற்ற நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கின்றன. அவை வெடிக்கிற வேகத்தில் இடுக்கியின் பல்லிடுக்கில் ஒளிந்திருக்கிற அழுக்குகூடப் பெயர்ந்து வந்துவிடும். நம்ப முடியாமல் பார்த்தேன் போலிருக்கிறது. அக்கா ஒரு துண்டு அலுமினியத் தாளை எடுத்து அதில் முக்கி, சிறிது நேரம் கழித்து விளக்குக்கு நேரே பிடித்தார். தாள் முழுக்கப் பொத்தல்! கை படவில்லை, ஊசி படவில்லை, வெறும் குமிழி செய்த வேலை. தொட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க இதுதான் சோதனையாம். எனக்கு அந்தத் தாளை வீட்டுக்கே கொண்டுபோக ஆசை.

அடுத்து அறையின் ராஜா, ஆட்டோகிளேவ். நம் வீட்டு குக்கரின் பணக்கார உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1879-ல் பிரான்சில் லூயி பாஸ்டரின் சகா சார்ல்ஸ் சேம்பர்லாண்ட் உருவாக்கியது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கிற பாக்டீரிய வித்துகள் இருக்கின்றன. மூடி, அழுத்தம் கொடுத்தால்தான் ஆவி 121 டிகிரிக்குப் போகும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம்; உறையிலிட்ட கருவிகளானால் 30 நிமிடம். உள்ளிருக்கிற காற்றை முதலில் உறிஞ்சி வெளியேற்றுகிற உயர் ரகமானால் 134 டிகிரியில் நான்கே நிமிடம். குழாய் மாதிரி உள்ளே ஓட்டை இருக்கிற கருவிகளுக்கு இந்த ரகம்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டைக்குள் காற்று அடைத்துக்கொண்டு ஆவியை உள்ளே விடாது.

ஒவ்வொரு கருவியும் ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் போகிறது. உறையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். சூட்டில் அது நிறம் மாறுகிறது. “பார்த்தீங்களா, நிறம் மாறிடுச்சு!” என்று நான் குதிக்க, அக்கா தலையை ஆட்டினார். “நிறம் மாறினா சூடு பட்டுச்சுன்னு அர்த்தம். கிருமி செத்துச்சான்னு தெரிய வேற ஒண்ணு இருக்கு.”

அந்த ‘வேற ஒண்ணு’தான் நான் அங்கே பார்த்ததிலேயே அற்புதம். விரல் நீளத்தில் ஒரு சீசா, உள்ளே கத்தரிப்பூ நிறத் திரவம், அதோடு ஜியோபாசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியத்தின் வித்துகள். சூட்டில் வாழவே பிறந்த ஜாதி அது. நமக்கு நோய் தராது, ஆனால் லேசில் சாகாது. கருவிகளோடு கருவியாக அதையும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்து, பிறகு இதமான சூட்டில் ஒன்றிரண்டு நாள் வளர விடுகிறார்கள். ஒரு வித்து பிழைத்திருந்தாலும் திரவம் மஞ்சளாகிவிடும். கத்தரிப்பூ நிறம் அப்படியே இருந்தால் எல்லாம் காலி! அவ்வளவு பிடிவாதக்காரனே செத்துவிட்டான் என்றால் மற்ற கிருமிகள் எம்மாத்திரம்? அக்காவின் அலமாரியில் தேதி எழுதிய சீசாக்களின் வரிசை, பக்கத்தில் ஒரு நோட்டு. எந்தத் தேதியில், எந்தச் சுற்று, எத்தனை டிகிரி, யார் கையெழுத்து. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மதிப்பெண் அட்டை பார்க்கிற பெற்றோரின் சந்தோஷம் எனக்கு.

இவ்வளவு பாடு எதற்கு? ஹெபடைடிஸ் பி. கல்லீரலைத் தாக்குகிற இந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இடத்திலும் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 30 வரை போகலாம். அதே விபத்தில் ஹெபடைடிஸ் சி தொற்றும் வாய்ப்பு இதைவிட மிகக் குறைவு, எச்.ஐ.வி. தொற்ற 1000-க்கு சுமார் 3. நாம் எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்துத்தான் நடுங்குகிறோம். ஊசி விஷயத்தில் அதைவிடச் சுலபமாக ஏறிக்கொள்கிறவன் இந்த பி. நல்ல சேதி என்னவென்றால் இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தவணை. பெரியவர்கள் பலர் போட்டிருக்கவே மாட்டார்கள். குத்திக்கொள்ளப் போவதற்கு முன்னால் அதையும் டெட்டனஸ் ஊசியையும் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஸ்பிரிட்டில் முக்கி எடுப்பது, டெட்டால் கிண்ணத்தில் போட்டு வைப்பது, மெழுகுவர்த்தியில் காட்டுவது எல்லாம் இந்த வேலைக்கு ஈடாகாது. அந்தச் சிவப்பு டேப்புக்கு அந்தப் பக்கம் நின்றபோது எனக்கு இது உறைத்தது.

சுத்தப் பக்கத்து இழுப்பறையைத் திறந்தார் அக்கா. ஊசிகள்! ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், காலாவதித் தேதியோடு. ஒருவருக்கு ஒன்று, ஒரு துளைக்கு ஒன்று, அப்புறம் குப்பை. உள்ளே ஓட்டையுள்ள ஊசி. முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். மூன்று கோணத்தில் சீவிய, பயங்கரக் கூர்மையான அழகு. காதுச் சோணைக்கு 18 அல்லது 20 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ. நாக்குக்கு 14 கேஜ், 1.6 மில்லிமீட்டர். எண் குறையக் குறைய ஊசி தடிக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

“கன் ஏன் வெச்சுக்கல?” என்று கேட்டேன். தி.நகரில் நடைபாதையிலும் நகைக் கடையிலும் பார்க்கிறோமே, டக்கென்று சத்தம் போட்டுத் தோட்டைச் செலுத்துகிற துப்பாக்கி. அக்காவின் முகம் மாறியது. ஊசி சதையைக் கீறி வழி செய்துகொண்டு போகிறது. கன்னில் போவது தோட்டின் மழுங்கிய காம்பு. அது வில்லின் விசையில் சதையைப் பிய்த்துக்கொண்டு நுழைகிறது. சோணையில் பரவாயில்லை என்று சிலர் சொல்லலாம், மேல்காதிலும் மூக்கிலும் குருத்தெலும்பு நசுங்கும். இன்னொரு பெரிய சிக்கல், பெரும்பாலான கன்கள் பிளாஸ்டிக். ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிவிடும். அதனால் துடைத்துவிட்டு அடுத்த காதுக்குப் போகிறார்கள். பின்னால் மாட்டுகிற பட்டாம்பூச்சித் திருகு காதோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால், வீங்குவதற்கு இடமில்லாமல் தோடே சதைக்குள் புதைந்து போவதும் உண்டு. இப்போது ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற, கிருமி நீக்கி வருகிற கேசட் வகைகளும் வந்திருக்கின்றன. பழைய கன்னைவிட அவை எவ்வளவோ மேல். ஆனாலும் மேல்காதில் எதையும் ‘டக்’ என்று அடிக்க விடாதீர்கள், தயவுசெய்து!

மேல்காதைப் பற்றி ஏன் இத்தனை பதற்றம்? சோணை வெறும் சதை, ரத்த ஓட்டம் தாராளம். மேலே இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. அதன் மேல் போர்த்தியிருக்கிற மெல்லிய உறையிலிருந்து கசிவதைக் கொண்டுதான் அது பிழைக்கிறது. அந்த உறைக்கும் குருத்துக்கும் நடுவே சீழ் கோத்துக்கொண்டால் குருத்துக்குச் சோறு தண்ணீர் நின்றுபோகிறது, செத்துச் சுருங்கிவிடும். காதின் வடிவமே போய், சுருண்ட காலிஃபிளவர் போல ஆகிவிடும். இதில் முக்கியக் குற்றவாளி சூடோமோனாஸ் எருஜினோசா. ஈரத்தில் வாழ்கிற கிருமி. வீட்டில் மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பலவற்றுக்கு இது அசையாது.

2000-ம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் துப்பறியும் கதை மாதிரி ஒன்று நடந்தது. ஒரு சின்ன நகைக்கடையில் காது குத்திக்கொண்ட இளையவர்கள் ஒருவர் பின் ஒருவராக மேல்காது வீங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள். சுகாதாரத் துறையினர் கடைக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். உறுதியான தொற்று 7 பேருக்கு, சந்தேகத்துக்குரியவை இன்னும் 18. சிலருக்கு அறுவை சிகிச்சை. கிருமி எங்கே இருந்தது தெரியுமா? கிருமிநாசினிப் புட்டியில்! சுத்தம் செய்வதற்காகத் தெளித்தார்களே, அதே புட்டியில் சூடோமோனாஸ் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஆராய்ச்சி முடிவு 2004-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. இதைச் சொன்னபோது அக்கா தன் மேசையைக் காட்டினார். திறந்து வைத்து மறுபடி மறுபடி நிரப்புகிற புட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரு தடவைக்கான சின்னச் சின்னப் பாக்கெட்.

மணி அடித்தது. முன்னறையில் ஒரு கல்லூரிப் பெண், கூடவே தோழி. மேல்காதில் ஒரு குட்டி வளையம் வேண்டுமாம். நானும் ஓரமாக நின்றுகொண்டேன்.

முதலில் படிவம். வயது, அடையாள அட்டை. பதினெட்டு ஆகாதவர்கள் என்றால் அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும். பிறகு கேள்விகள். சர்க்கரை இருக்கா? ரத்தம் சீக்கிரம் உறையாத பிரச்சினை, அதற்கான மாத்திரை? பிறவியிலேயே இதயக் கோளாறு, வால்வு சிகிச்சை? கர்ப்பமா? கவரிங் போட்டால் அரிக்குமா? வீட்டில் யாருக்காவது தழும்பு தடித்து வளர்ந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியை அக்கா இரண்டு தடவை கேட்டார். கெலாய்டு என்ற அந்தத் தடிப்பு நம்மைப் போலக் கருத்த தோலில் கூடுதலாக வரும். குத்திய இடத்தைத் தாண்டி உருண்டு வளரும். சில மாதங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும் வீம்பு. குடும்பத்தில் இருந்தால் புதிதாகக் குத்துவதைப் பற்றி நன்றாக யோசிக்க வேண்டும். ரத்ததானம் செய்கிறவரா என்றும் கேட்டார். குத்திக்கொண்டால் ஒரு வருடம் ரத்தம் தர முடியாது.

“சாப்டியாம்மா?”

“இல்லக்கா, பயத்துல சாப்பிடல.”

“அப்ப குத்த மாட்டேன். போ, கீழ கடையில ரெண்டு இட்லி சாப்ட்டுட்டு வா.”

தோழிகள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கி மயக்கம் வரும். நின்றுகொண்டோ ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டோ குத்தினால் விழுந்து தலையில் அடிபடலாம். அதனால் இங்கே படுக்க வைத்துத்தான் குத்துகிறார்கள்.

இட்லி சாப்பிட்டுத் தெம்பாகத் திரும்பி வந்தாள். இப்போது ஆரம்பித்தது எனக்குப் பிடித்த காட்சி! அக்கா கைகழுவுகிறார். விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று ஒரு நிமிடம் முழுக்க. கையுறை. தோலில் பழுப்பு நிற போவிடோன் அயோடின் தடவிவிட்டு, காயும் வரை காத்திருக்கிறார். காய்வதற்குள் குத்தினால் மருந்து வேலை செய்ய அவகாசமே இல்லை. ஒரே ஒருமுறை உபயோகிக்கிற பேனாவால் ஊதாப் புள்ளி. கண்ணாடியைக் கொடுத்து, “நல்லாப் பாரு, உன் காது, நீதான் சொல்லணும்” என்கிறார். புள்ளி ஒரு மயிரிழை மேலே போகிறது. அலைபேசி அடிக்க, அதை உதவியாளர் எடுக்கிறார். அக்காவின் விரல் தவறிப்போய் நாற்காலியின் கையில் பட்டுவிட்டது. உடனே கையுறை குப்பைக்கு, புதுக் கையுறை கைக்கு. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அந்தப் பெண்ணும் கண்ணை மூடியிருந்தாள். எனக்கோ கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அவள் பார்க்கும்படியாகவே உறைகள் பிரிகின்றன, ஊசி, நகை, இடுக்கி. “மூச்சை இழு... மெதுவா விடு...” விடுகிற மூச்சு முடிவதற்குள் ஊசி அந்தப் பக்கம். ஊசியின் வால் ஓட்டைக்குள் நகையின் முனையைச் செருகித் தள்ள, ஊசி வெளியே, நகை உள்ளே. “முடிஞ்சுதாக்கா?” “முடிஞ்சு போச்சு.” ஊசி நேராகக் குத்திக்கிழியாத டப்பாவுக்குள் விழுந்தது. மூடி போடுவது, கீழே வைப்பது எதுவும் கிடையாது. இரண்டே விநாடி!

போட்டது வளையம் இல்லை, நேரான காம்பு. வளையம் அசைந்து அசைந்து புண்ணை ஆறவிடாது. ஆறிய பிறகு மாற்றிக்கொள்ளலாமாம். காம்பு கொஞ்சம் நீளம், வீக்கத்துக்கு இடம் வேண்டுமே. சில வாரம் கழித்து வந்து குட்டையானதாக மாற்ற வேண்டும்.

அந்தக் காம்பின் உலோகம் தனிக் கதை. டைட்டேனியம், எலும்புக்குள் பொருத்துகிற தரம். வாங்கும்போது கூடவே வருகிற உலோகச் சான்றிதழை அக்கா கோப்பில் வைத்திருக்கிறார். முக்கியமான விஷயம் நிக்கல். ஆறியும் ஆறாத புண்ணுக்குள் நிக்கல் கசிந்தால் உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்ளும். அந்தப் பகை ஆயுளுக்கும் போகாது. பிறகு கைக்கடிகாரம், ஜீன்ஸ் பொத்தான், எது பட்டாலும் அரிப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே நகைகளில் நிக்கலுக்குக் கடிவாளம் போட்டுவிட்டது. கவரிங் கம்மலைப் புதுத்துளையில் மாட்டவே கூடாது. வெள்ளைத் தங்கத்திலும் சிலவற்றில் நிக்கல் உண்டு, கேட்டு வாங்குங்கள். தங்கம் போட்டே ஆக வேண்டும் என்றால் நிக்கல் கலக்காத நல்ல தங்கமாக, காம்பு வழவழப்பாக இருக்கட்டும். நம்மூர்த் தோட்டின் காம்பில் வெளியே மரை இருக்கும். திருகாணி மாட்ட அது வேண்டும்தான். ஆனால் பச்சைப் புண் வழியாக அந்த மரை போகும்போது அரம் போட்டது மாதிரி உள்ளே ராவிக்கொண்டு போகிறது. அக்காவிடம் இருப்பவற்றில் மரை உட்புறம். தடவிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழுக்கியது.

திருகாணி என்றதும் நினைவு வருகிறது. மூக்குத்தித் திருகாணி கழன்று, மூச்சோடு உள்ளே போய், நுரையீரல் குழாயில் சிக்கிக்கொண்ட நிகழ்ச்சிகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிராங்கோஸ்கோப் விட்டு எடுக்கிறார்கள். நாள்பட்ட இருமல் என்று சுற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட உண்டு. மூக்குத்தி போட்ட அம்மா, அத்தை, பாட்டி எல்லோருக்கும் சொல்லுங்கள். தினம் ஒருமுறை திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

மதியம் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். குலதெய்வம் கோவிலில் காதுகுத்து வைத்திருக்கிறார்களாம், மொட்டை, தாய்மாமன் மடி, காப்பரிசி எல்லாம் முறையாக. பத்தர் குத்துவதுதான் வழக்கம், ஆனால் குழந்தையின் அம்மாவுக்கு உதறல். அக்கா சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்தரை வேண்டாம் என்று சொல்லவில்லை. “தடுப்பூசி அட்டை காட்டுங்க” என்றார். பிறந்தவுடன் போடுகிற ஹெபடைடிஸ் பி, பிறகு 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலண்ட். மூன்றும் முடிந்த பிறகு வைத்துக்கொண்டால் டெட்டனஸுக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் பாதுகாப்பு வந்துவிடுகிறது. பத்தர் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், கையுறை போடட்டும், உறை பிரிக்காத புது ஊசியை நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம், தோட்டைக் கிருமி நீக்கித் தர இங்கேயே கொடுத்துவிடலாம். மாமன் மடி மாமன் மடியாகவே இருக்கட்டும்!

சுஸ்ருத சம்ஹிதை பிள்ளைக்குக் காது குத்த ஆறாம் மாதத்தையும் ஏழாம் மாதத்தையும் சொல்கிறது. பெண்டாவேலண்ட் கணக்கோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, பாருங்கள்! குழந்தையின் சோணையை இழுத்துப் பிடித்து, சூரிய வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற இடத்தில் குத்து என்கிறது அந்த நூல். அங்கே ரத்தக் குழாய் இல்லை. தப்பான இடத்தில் குத்தினால் ரத்தம் கொட்டும், வலிக்கும், வீங்கும் என்றும் எச்சரிக்கிறது. பேனா டார்ச்சைக் காதுக்குப் பின்னால் பிடித்து அக்கா செய்வதும் அதேதான். சோணை ரோஜா நிறத்தில் ஒளிர, குழாய்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. நான் அப்படியே மெய்மறந்து நின்றேன்.

நாக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் ஆர்வமில்லை. குத்தியதும் நாக்கு நன்றாக வீங்கும், பல் ஓரம் உடையும், ஈறு தேயும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு வாய்க்கிருமி ரத்தத்தில் ஏறி இதய வால்வு வரை போகக்கூடும். நாக்கைப் பிளப்பதோ பியர்சிங்கே இல்லை, அறுவை சிகிச்சை. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் இதைச் செய்ததற்காக இருவர் கைதானார்கள், மாநகராட்சி கடைக்கு சீல் வைத்தது. மரத்துப்போக ஊசி போடுகிறேன் என்று டாக்டர் அல்லாத யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மேல்காது குத்திக்கொண்ட அந்தக் கல்லூரிப் பெண் புறப்படும் முன் அவளை உட்கார வைத்து அக்கா ஒரு வகுப்பே எடுத்திருந்தார். “பாட்டி என்ன சொல்வாங்க? மஞ்சள் தடவு, தேங்காயெண்ணெய் விடு, வேப்பங்குச்சி செருகு, தினமும் திருகி விடு. பாட்டி நல்லவங்கதான். ஆனா இந்த நாலும் வேண்டாம்.” திருகினால் உள்ளே புதிதாக வளர்ந்த தோல் கிழியும். மஞ்சளும் எண்ணெயும் துளையை அடைக்கும். குச்சி கிருமியைக் கொண்டுவரும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதுச் சதையையும் கொல்லும். மருந்துக் கடையில் கிடைக்கிற 0.9 சதவீத உப்பு நீர், நார்மல் சலைன், போதும். கை கழுவிவிட்டு, நாளுக்கு இரண்டு முறை, சுத்தமான காஸ் துணியில் நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும். குளிக்கும்போது ஷாம்பு, சீயக்காய் தங்காமல் கழுவி, பிறகு உலர்த்த வேண்டும், ஈரமாக விடக் கூடாது. அந்தப் பக்கம் படுக்கக் கூடாது, ஹெல்மெட்டை மெதுவாகக் கழற்ற வேண்டும், ஆறும் வரை குளம், கடல், நீச்சல் குளம் வேண்டாம்.

“எவ்வளவு நாளுக்குக்கா?”

“சோணைன்னா ஆறு, எட்டு வாரம். மூக்கு நாலஞ்சு மாசம். உன் மேல்காது ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம்.”

“ஒரு வருஷமா!”

தொப்புளுக்கும் அவ்வளவுதான். இடுப்புத் துணி உரசிக்கொண்டே இருக்கிறதல்லவா. வெளியே பார்த்தால் ஆறினது போலத் தெரியும், உள்ளே பச்சையாக இருக்கும். அதனால்தான் மூன்று வாரத்தில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு மேல்காது குத்த வந்த ஒரு மணப்பெண்ணை, ஒட்டுகிற நகை போட்டுக்கொள்ளச் சொல்லி அன்று அக்கா திருப்பி அனுப்பினார். கையில் வந்த காசு. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

முதல் சில நாள் லேசான சிவப்பு, வீக்கம், காய்ந்து ஒட்டுகிற வெளிறிய கசிவு எல்லாம் சகஜம். சிவப்பு நாளுக்கு நாள் பரவுகிறது, தொட்டால் கொதிக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, மஞ்சள் பச்சையாக நாற்றத்தோடு சீழ், காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டர். மேல்காது முழுக்க வீங்கிச் சிவந்து சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால் குருத்தெலும்பில் தொற்று என்று மருத்துவர்கள் ஊகித்துவிடுவார்கள், சோணையில் குருத்து இல்லையே. அதில் ஒருநாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. இன்னொன்று, பயந்துபோய் நகையை நாமாகக் கழற்றிவிடக் கூடாது. துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கழற்றுவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

சாயங்காலம் குப்பை கட்டுகிற நேரம். அதிலும் எனக்கு வேடிக்கை! ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு, கையுறை சிவப்புப் பைக்கு, ஊசிகள் குத்திக்கிழியாத வெள்ளை டப்பாவுக்கு. 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் வகுத்த நிறங்கள் அவை. அவற்றை எடுத்துப் போக வண்டி தனியாக வருகிறது. ஊசி தெருக்குப்பையில் விழுந்தால் குத்துப்படப் போவது தூய்மைப் பணியாளரின் கை. இந்தக் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கிற கடையில் மற்றதும் ஒழுங்காக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பின் தெரியாத கடைக்குப் போனால் தயங்காமல் கேளுங்கள், “ஆட்டோகிளேவைப் பார்க்கலாமா?” அக்காவிடம் கேட்டால் கண் மின்னக் கதவைத் திறக்கிறார். முகம் சுளிக்கிற கடையிலிருந்து வந்துவிடலாம்.

கடையடைக்கப் போகிற சமயம். படியேறி மூச்சு வாங்க ஒரு பாட்டி, கைத்தாங்கலாகப் பேத்தி. குத்திக்கொள்ளப் போவது பேத்தி என்று நினைத்தேன். இல்லை, பாட்டிதான்! சின்ன வயதில் குத்திய மூக்குத்துளை எப்போதோ தூர்ந்துவிட்டதாம். மறுபடியும் இரண்டு பக்கமும் போட வேண்டும், பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா மாதிரி.

அக்கா படிவத்தை எடுத்தார். “பாட்டிம்மா, சர்க்கரை இருக்கா?”

“இருக்கு கண்ணு. மாத்திரை போடறேன்.”

“ரத்தம் உறையாம இருக்க மாத்திரை?”

“அதுவும் ஒண்ணு, ராத்திரி.”

“அப்ப இன்னிக்கு வேண்டாம். மூணு மாசச் சர்க்கரை டெஸ்ட் எடுத்துட்டு, டாக்டர்கிட்ட ‘மூக்குக் குத்திக்கலாமா’ன்னு கேட்டு, ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க. நீங்களா அந்த மாத்திரையை நிறுத்திடாதீங்க. சரின்னு சொன்னார்னா முதல்ல ஒரு பக்கம். அது ஆறினப்புறம் அடுத்தது.”

பாட்டி கொஞ்சமும் அசரவில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து, ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, விரலால் ஒன்றைத் தட்டிக் காட்டினார். “அந்த நீலக்கல்லு. யாருக்கும் குடுத்துடாத, எடுத்து வை. அடுத்த வாரம் டாக்டர் சீட்டோட வரேன்.”